அக்காவின் கைராசி

செருப்பைக் கதவோரம் விட்டுவிட்டு, திரையை ஒரு சாண் மட்டும் விலக்கி, முதலில் மீசையை உள்ளே அனுப்புகிறார். நாற்காலியில் இருப்பவர் கண்ணை மூடிவிட்டாரா? மூடியாயிற்று என்று ரத்தப் பரிசோதனைக்கூடத்து அக்கா லேசாகத் தலையை ஆட்டியதும், மீசைக்குப் பின்னால் ஆறடி உடம்பு மொத்தமும் சத்தமில்லாமல் வந்து சேர்கிறது.

"கண்ணைத் திறக்கக் கூடாது தங்கம். வெளிய வெயில் எப்படி இருக்கு?" என்று கேட்பார் அக்கா. தங்கம் என்பவர் பெரும்பாலும் நரைத்த தாடியோடு இருப்பார். அவர் வெயிலைப் பற்றித் தன் கருத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மீசைக்காரர் நரம்பைக் கண்டுபிடித்து, ஊசியைப் போட்டு, ரத்தத்தைக் குப்பிகளில் வாங்கி வைத்துவிட்டுத் திரைக்கு அந்தப் பக்கம் போயிருப்பார். தங்கம் கண்ணைத் திறந்தால் அக்கா பஞ்சை அழுத்திக்கொண்டு நிற்பார்.

"முடிஞ்சிருச்சா? தெரியவே இல்லையேம்மா! உங்க கை பூ மாதிரிங்க!"

அக்கா அடக்கமாகச் சிரிப்பார். திரை கொஞ்சம் அசையும்.

இந்த ரகசியம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? கண்ணை மூடச் சொன்னால் ஒன்றை மட்டும் மூடுகிற ஜாதி நான். சர்க்கரை வியாதி வந்த நாளிலிருந்து மாதம் ஒருமுறை இந்தப் பரிசோதனைக்கூடத்துக்கு வருகிறேன். வெறும் வயிற்றில் ஒரு ஊசி, சாப்பிட்டு வந்து இன்னொரு ஊசி. என் கை நரம்புகளோ பிறவிக் கூச்சக்காரர்கள். ஊசியைக் கண்டதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அவர்களையும் நைச்சியமாக வெளியே வரவழைக்கிற விரல் யாருடையது என்று பார்க்காமல் இருக்க முடியுமா? அரைக்கண்ணால் பார்த்தேன். ரோமம் அடர்ந்த, உலக்கை போல ஒரு முன்கை தெரிந்தது. பகீரென்றது. ஆனால் வலிக்கவில்லை. பேசாமல் அந்தக் கண்ணையும் மூடிக்கொண்டேன்.

இங்கே எல்லோரும் அவரைப் பயில்வான் என்றுதான் கூப்பிடுகிறார்கள். வாழ்நாளில் அவர் யாரோடும் மல்லுக்கு நின்றதில்லை, கர்லாக்கட்டையைத் தொட்டதில்லை. தோள் அகலம், கழுத்து தடிமன், மீசை தாராளம், குரல் காலி டிரம்மை உருட்டினாற்போல. இவ்வளவும் இருந்தால் போதாதா, உலகம் மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. குளிர்சாதனப் பெட்டியை நகர்த்த வேண்டுமா, "பயில்வானைக் கூப்பிடு." புட்டி மூடி திறக்கவில்லையா, "பயில்வானைக் கூப்பிடு." மனிதருக்குத் தீராத இடுப்பு வலி. சொன்னால் யார் நம்புகிறார்கள்?

ஒரு சமயம் குடித்துவிட்டு வந்த ஒருவன் கவுன்ட்டரில் ரகளை செய்தான். எல்லோருமாகச் சேர்ந்து பயில்வானை முன்னால் தள்ளிவிட்டார்கள். வந்தவன் இவரை மேலும் கீழும் பார்த்தான். "மன்னிச்சுக்குங்கண்ணே" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனான். மறுநாள் பயில்வான் காய்ச்சலில் விடுப்பு.

அவருடைய உண்மையான வீரமெல்லாம் ஆள்காட்டி விரலின் நுனியில் இருக்கிறது. அவர் மனிதர்களை முகத்தால் நினைவு வைத்துக்கொள்வதில்லை, முன்கையால் வைத்துக்கொள்கிறார். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்பவர்களின் கைகளை, நகைக்கடைக் கண்ணாடியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டே வருவார். "என்னா நரம்பு மேடம் அது! நேஷனல் ஹைவே! கண்ணைக் கட்டிக்கிட்டு எடுக்கலாம்" என்று என்னிடம் உருகியிருக்கிறார். யாருக்காவது கை கொடுத்தால் உடனே விட மாட்டார். பாசம் என்று நினைத்தால் நம் ஏமாளித்தனம், மணிக்கட்டைத் தடவிப் பார்க்கிறார் என்று அர்த்தம்.

தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார் அவர் மனைவி. "மொத மொதல்ல பாத்தப்ப இவர் என் மூஞ்சியப் பாக்கவே இல்ல. முழங்கையத்தான் பாத்தாரு. நான்கூட, ரொம்ப அடக்கமான பையன் போலன்னு நினைச்சு ஏமாந்துட்டேன்" என்பார் அந்த அம்மாள். இப்போது அவருக்கு வேறு ஒரு புகார். "வேலையில பூனை மாதிரி நடந்து நடந்து வீட்டுலயும் அப்படியே நடக்கறாரு. அடுப்புல நின்னுட்டுத் திரும்பினா பின்னாடி மலை மாதிரி நிக்கறாரு. பாதி உசிரு போயிடுது எனக்கு."

அவர் ஏன் பூனையானார் என்பதையும் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மற்றவர்களைப் போல நேராக நின்றுதான் ரத்தம் எடுத்தார். ஊசி போட்டுக்கொள்ள வந்தவர்கள் அவரைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார்கள். "ஐயையோ, இந்த ஆளா? பொம்பளைங்க யாரும் இல்லையா? ஆம்பளக் கை முரடாச்சே!" இதைக் கேட்டுவிட்டால் தீர்ந்தது கதை. அதுவரை சமர்த்தாக இருந்த விரல் ஊமையாகிவிடும். ஊசி நரம்புக்குப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டும். "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல?" என்பார்கள். அடுத்து நிற்பவர் காதில் அது விழும். அவர் இன்னும் பயந்து கையை நீட்டுவார். இவர் விரல் இன்னும் தடுமாறும்.

"அவங்க சொன்னவுடனே கை கனத்துப் போயிடும் மேடம்" என்று ஒரு நாள் சொன்னார். "இது யார் கைன்னு எனக்கே சந்தேகம் வந்துடும். அவங்க சொல்ற அந்த முரட்டு ஆளோட கையை எடுத்து யாரோ எனக்கு ஒட்டவச்ச மாதிரி இருக்கும்."

மீசைதான் வினை என்று ஒருமுறை எடுத்துப் பார்த்தார். மீசையோடு ரவுடி மாதிரி இருக்கிறார் என்றவர்கள், மீசை இல்லாமல் திருடன் மாதிரி இருக்கிறார் என்றார்கள். ரவுடிக்காவது ஒரு மரியாதை உண்டு என்று மறுபடி வளர்த்துவிட்டார். பிறகு சிரித்த முகமாக இருந்து பார்த்தார். ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

அக்காவின் கதை இதற்கு நேர் எதிர். ஒல்லி உருவம், கனிந்த முகம், தேன் ஒழுகும் குரல். பார்த்த மாத்திரத்தில் "இந்தம்மா கை மெத்துனு இருக்கும்" என்று ஜனங்கள் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். உண்மையில் அக்காவின் கை சுத்தியல். அதை அவரே மறைக்காமல் சொல்வார். "நான் குத்தினா வலிக்கும்டா சாமி. ஆனா ஒருத்தரும் என்னைத் திட்டினதில்ல. 'என் நரம்பு சரியில்லம்மா, உங்களுக்குத்தான் சிரமம்'னு எங்கிட்டயே மன்னிப்புக் கேப்பாங்க." அதே வலியைப் பயில்வான் கொடுத்தால் மேனேஜர் வரைக்கும் போகும். நாள் முழுவதும் கண்ணு, தங்கம், செல்லம் என்று கொஞ்சிக் கொஞ்சி அக்காவுக்கு வாய் வலி. டீ குடிக்கிற நேரத்தில் அவர் பேசுகிற பேச்சை இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது.

இருவரும் கூட்டுச் சேர்ந்தது தற்செயல்தான். ஊசியைக் கண்டால் மயங்குகிற ஒருவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா இரண்டு முறை குத்தியும் ரத்தம் வரவில்லை. வேறு வழியில்லாமல் ஜாடை காட்டிப் பயில்வானை அழைத்தார். யாரும் எதுவும் சொல்லாததால் பயில்வானின் விரல் தன் போக்கில் வேலையை முடித்தது. கண்ணைத் திறந்தவர் அக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டார். அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்த நாடகம். வாய் அக்காவுடையது, விரல் பயில்வானுடையது. "பொய் ஒண்ணும் சொல்லல. அவங்களா நினைச்சுக்கிட்டா நான் என்ன பண்றது?" என்று அக்கா நியாயம் பேசுவார். பல வருஷங்கள் ஒரு புகார் இல்லை. அக்காவின் கைராசி பக்கத்துத் தெருக்கள் வரை பரவியது.

போன மாதம் அக்கா, மகள் வீட்டோடு போய் இருக்கப்போவதாக வேலையை விட முடிவு செய்தார். வந்தது வம்பு. மேனேஜர் சின்ன வயசுக்காரர். கழுத்துப் பட்டையைத் தளர்த்தாமலே டீ குடிப்பவர். பயில்வானை ரத்த மாதிரிகள் வைக்கும் குளிர் அறைக்கு மாற்றிவிட்டு, ஊசி போட ஒரு பெண்ணை நியமிப்பதாகத் திட்டம். குளிர் அறையில் கண்ணாடிக் குப்பிகளைத் தவிர எதையும் தொட வேண்டாம். பயில்வானுக்கு முகம் செத்துவிட்டது. "மனுசங்க கையைத் தொடாம எனக்கு என்ன மேடம் வேலை அங்க?" என்றார். சம்பளம் குறையாதே என்று நான் ஆறுதல் சொன்னேன். இப்படி ஓர் அசட்டு ஆறுதலை நானே என்னிடமிருந்து எதிர்பார்க்கவில்லை.

அக்கா நேராக மேனேஜரிடம் போய் உண்மையைப் போட்டு உடைத்தார். "இத்தனை வருஷமும் நல்லா எடுத்தது நான் இல்ல தம்பி, அவன்தான்." மேனேஜர் நெகிழ்ந்துபோனார். "போற நேரத்திலகூட மத்தவங்களுக்காகப் பேசறீங்களேக்கா, உங்க மனசு யாருக்கு வரும்!" என்றார். அக்காவுக்கு வந்த கோபத்தில் டீ நேரத்துப் பேச்சு மேனேஜர் அறையிலேயே கொஞ்சம் வந்துவிட்டது. கடைசியில் மேனேஜர் இறங்கி வந்தார். ஒரு நாள் அக்கா லீவு. பயில்வான் தனியாக எடுக்கட்டும். மேனேஜர் கூடவே நின்று பார்ப்பார். சரியாக வந்தால் பயில்வான் இங்கேயே, இல்லாவிட்டால் குளிர் அறை.

அந்த நாள் என்னுடைய ஊசி நாளாக அமைந்தது என் அதிர்ஷ்டம். வெறும் வயிற்றோடு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன்.

பயில்வான் குளித்து, தலை படிய வாரி, பரீட்சைக்கு வந்த பிள்ளை போல நின்றார். மேனேஜர் சுவரோரம் கை கட்டி நின்றார். பக்கத்துத் தடுப்பில் புதிய பெண், தேவைப்பட்டால் என்று, தயாராக உட்கார்ந்திருந்தாள். என் கைக்கு ஒன்றும் குறை வரவில்லை. நான்தான் வாயைத் திறக்கவே இல்லையே. என் பின்னால் வந்தவர் தூக்கக் கலக்கத்தில் இருந்ததால் அவரும் தப்பித்தார். இப்படியே போனால் பிழைத்தோம் என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நான் நினைத்தபோது, என்னைப் போலவே சர்க்கரைக்காக மாதாமாதம் வருகிற வக்கீலம்மா உள்ளே வந்தார்.

வக்கீலம்மா வருவது வாசலிலேயே கேட்டுவிடும். அன்றைக்கும் காத்திருப்பவர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரு வழக்கு நடத்திக்கொண்டே வந்தார். "என் ஆபீஸ்ல, என் நாற்காலியில, கறுப்பு கோட்டோட உக்காந்திருக்கேன். ஒருத்தன் வந்து, 'வக்கீல் சார் எப்பம்மா வருவாரு?'ங்கறான். எனக்கு எப்படி இருக்கும்? அன்னைக்கு கோர்ட்ல வாயே சரியா வரல எனக்கு!" அநியாயம் என்று எல்லோரும் தலையாட்டினோம். அதே சூட்டோடு திரையை விலக்கி உள்ளே போனவர், பயில்வானைப் பார்த்து நின்றார்.

"அந்தம்மா எங்க? நீயா எடுக்கப் போறே? உன் கையைப் பாத்தாலே பயமா இருக்கேப்பா!"

என்னத்தைச் சொல்ல! திரை திறந்தே கிடந்ததால் எனக்கு எல்லாம் தெரிந்தது. பயில்வானின் தோள் இரண்டும் இறங்கின. வக்கீலம்மாவின் இடது கையில் ரப்பர் பட்டையைக் கட்டினார், அது நழுவியது. மறுபடி கட்டினார். விரலை வைத்தார், எடுத்தார், வேறு இடத்தில் வைத்தார். ஊசி உள்ளே போயிற்று. ரத்தம் வரவில்லை.

"பாத்தீங்களா! நான் சொன்னேன்ல?" என்றார் வக்கீலம்மா, மேனேஜரைப் பார்த்து.

மேனேஜர் பெருமூச்சு விட்டார். பக்கத்துத் தடுப்பிலிருந்த பெண் எழுந்து நின்றாள். பயில்வான் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பெரிய மனிதர் இவ்வளவு சின்னதாக ஆகிவிடக் கூடாது. 'இத்தனை வருஷமா உங்களைக் குத்தினதே இவர்தான்' என்று கத்த வாயெடுத்தேன். பயில்வான் என் பக்கம் திரும்பி, வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார். அக்காவுக்கு ஊரில் இருக்கிற பெயர் போய்விடும் என்ற கவலை அவருக்கு. அந்த நேரத்திலும்!

கத்தவில்லை. ஆனால் என்னால் சும்மாவும் இருக்க முடியாது. "வக்கீலம்மா, அந்தம்மா எப்படி எடுப்பாங்கன்னு நீங்களே சொல்லுங்களேன். இவரும் அப்படியே எடுத்துட்டுப் போறாரு" என்றேன்.

சாட்சி சொல்லக் கூப்பிட்டால் அவர் மறுப்பாரா? வலது கையை நீட்டி, நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். "அந்தம்மா அவசரப்பட மாட்டாங்க. பட்டையைக் கட்டிட்டு விரலை வச்சுச் சும்மா இருப்பாங்க. குழந்தை தூங்கிருச்சான்னு தொட்டுப் பாப்போமே, அப்படி."

பயில்வான் கேட்டுக்கொண்டே நின்றார். அக்காவிடம் நேரில் சொல்லப்பட்ட புகழ்ச்சியையெல்லாம் திரைக்குப் பின்னாலிருந்து கேட்டவர்தான். ஆனால் தன் விரல் எப்படி வேலை செய்கிறது என்று யாரும் அவருக்கு எதிரே உட்கார்ந்து சொன்னதில்லை. பட்டையைக் கட்டினார். விரலை வைத்தார். சும்மா இருந்தார்.

"அப்புறம் இன்னொரு விரலால தோலைக் கொஞ்சம் கீழ இழுத்துப் பிடிப்பாங்க. நம்ம கையே அவங்க கைக்குள்ள போயிட்ட மாதிரி இருக்கும். அந்தக் கை நடுங்கி ஒரு நாள்கூட நான் பாத்ததில்ல."

கண்ணை மூடிக்கொண்டு எங்கே பார்த்தீர்களாம் என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன். பயில்வானின் தோள் மெல்ல நிமிர்வதைப் பார்த்தேன்.

"ஊசி போறதே தெரியாது. எப்பப் போச்சுன்னு நாமதான் கேக்கணும்."

"போயிடுச்சும்மா" என்றார் பயில்வான்.

வக்கீலம்மா கண்ணைத் திறந்தார். குப்பி நிறைந்திருந்தது. அதைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், பஞ்சை அழுத்திக்கொண்டிருந்த அந்தப் பெரிய விரலைப் பார்த்தார். வக்கீலம்மா எதுவும் சொல்லாமல் ஓர் அறையை விட்டு வெளியே போனதை அங்கே யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. மேனேஜர் மட்டும் பயில்வானிடம், "ஒண்ணு தப்பு, ஒண்ணு சரி. மத்தியானம் சொல்றேன்" என்றார்.

எனக்கும் வக்கீலம்மாவுக்கும் சாப்பிட்ட பிறகு இன்னொரு ஊசி இருந்தது. எதிரே இருந்த கடையில் ரொட்டியைக் கடித்துவிட்டு, முடிவு தெரியாமல் எனக்குச் செரிக்காது என்று முன்னதாகவே திரும்பி வந்துவிட்டேன். பயில்வான் இரண்டு தடுப்புகளுக்கும் நடுவே, தன் இடம் எது என்று தெரியாதவர் போல நின்றிருந்தார். வக்கீலம்மா வந்தார். மேனேஜர் ஓடிப்போய், "இந்தப் பக்கம் வாங்கம்மா, லேடி ஸ்டாஃப் இருக்காங்க" என்று புதிய பெண் இருந்த தடுப்பைக் காட்டினார்.

வக்கீலம்மா அவரைத் தாண்டிப் போய்ப் பயில்வானின் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஒரு கேள்வி கேக்கறேன், உண்மையச் சொல்லணும். இத்தனை வருஷமா எனக்கு எடுத்தது யாரு?"

பயில்வான் பஞ்சு டப்பாவைத் திறந்து மூடினார். "அக்கா ரொம்ப நல்லவங்கம்மா."

"நான் அதைக் கேக்கல."

பயில்வான் தலையைக் குனிந்துகொண்டார். வக்கீலம்மா மேனேஜர் பக்கம் திரும்பினார். "தம்பி, இனிமே இவர்தான் எனக்கு எடுப்பாரு. இவர் இங்க இல்லன்னா எனக்கு வேற லேப் தெரியும்."

"இருப்பாரும்மா, இங்கதான் இருப்பாரு" என்றார் மேனேஜர். அவர் கழுத்துப் பட்டையைத் தளர்த்தியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அந்த இடத்திலேயே கை தட்ட வேண்டும் போலிருந்தது.

வக்கீலம்மா இடது கையை நீட்டினார். காலையில் தவறிப்போன அதே கை. பயில்வான் வழக்கம்போல ஓரமாக ஒதுங்கி நின்று, மூச்சுச் சத்தம்கூட இல்லாமல் பட்டையை எடுத்தார்.

"என்னப்பா ஊமை மாதிரி நிக்கறே? ஏதாவது பேசிக்கிட்டே எடு."

"என் குரல் நல்லா இருக்காதும்மா."

"நான் என்ன பாட்டா பாடச் சொன்னேன்? பேசுப்பா."

பயில்வான் என்னைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார். பிறகு மூலையில் கிடந்த இரும்பு ஸ்டூலைக் காலால், ஹால் முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி கிறீச்சென்று இழுத்து, வக்கீலம்மாவின் முகத்துக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார்.